அமெரிக்கக் கல்லூரிக் கட்டுரை: தம்பியின் வரைவைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி பிளஸ் டூ படிக்கிறான். அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் காமன் ஆப் (ஒரே விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் இணையதளம்) வழியாக விண்ணப்பிக்கிறான். அதில் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். குறைந்தது 250 சொல், மிஞ்சினால் 650. அங்கேதான் முட்டி நிற்கிறோம்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உள்தலைப்புப் போட்டே எழுதிப் பழகிய கை அவனுடையது. முதல் வரைவை, "இன்றைய உலகில் கல்வி இன்றியமையாதது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தான். யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஆனால் மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு வரி: தாத்தாவின் சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடியது. அந்த வரியில் அவன் இருக்கிறான்! அதிலிருந்தே தொடங்கச் சொன்னேன். "இதற்கெல்லாம் மதிப்புக் கொடுப்பார்களா அக்கா?" என்கிறான். உறுதியாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

இப்படி எழுதிச் சேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? சின்ன நிகழ்ச்சி ஒன்றை மட்டும் வைத்துக் கட்டுரை முழுவதும் போகலாமா? பரிசுகள், போட்டிகளுக்கு விண்ணப்பத்தில் தனி இடம் இருக்கிறது. கட்டுரையிலும் அவற்றைச் சொல்ல வேண்டுமா? எங்கே நிறுத்துவது?

பணம் கொடுத்தால் எழுதித் தருவதாக ஒருவர் சொன்னார். அது வேண்டவே வேண்டாம், அவன் சொற்களில்தான் போக வேண்டும். வரைவைப் படித்து, எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது என்று மட்டும் சொன்னாலும் பேருதவி. அவன் பட்டியலில் உள்ள பல கல்லூரிகளுக்கு ஜனவரி 1 கடைசி நாள்.