தங்கச்சிக்கு டிசைன் காலேஜ், பதினாறு லட்சம் போடலாமா?

சிவகாசி செந்தில்:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி ப்ளஸ்டூ முடிச்சிருக்கா, படம் வரையறதை விட்டா வேற எதுலயும் மனசு நிக்காது. சென்னைல ஒரு தனியார் காலேஜ்ல பி.டெஸ், அதான் டிசைன் டிகிரி, சீட் கெடச்சிருக்கு, ஃபீஸ் வருஷத்துக்கு மூணேகால் லட்சம், நாலு வருஷம், ஹாஸ்டல் லேப்டாப் எல்லாம் சேத்தா பதினாறைத் தாண்டிரும். அப்பா அச்சாபீஸ்ல கட்டிங் மிஷின் ஓட்டுறாங்க, கையில ஆறு லட்சம் இருக்கு, மிச்சம் பத்து லோன்தான். எழும்பூர் கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜுக்கும், அதான் அரசு கவின் கலைக் கல்லூரி, அப்ளிகேஷன் போட்டாச்சு, இன்னும் டெஸ்ட் நடக்கல. சித்தப்பா பேசாம பி.காம் சேத்து விடுங்கறாங்க. போட்ட காசு திரும்ப வருமா வராதா?

ரோட்டோ ராஜா:
தம்பி லோன் போடாதீங்க. நான் விஎஃப்எக்ஸ்ல, அதான் சினிமா கிராஃபிக்ஸ் வேலைல இருக்கேன், ரோட்டோ பெயின்ட்னு (ஷாட்ல உருவத்தை ஃப்ரேம் ஃப்ரேமா வெட்டி எடுத்து, வேண்டாததை அழிக்கிற வேலை) புதுசா உள்ள வர்ற பசங்களுக்கு எங்க பக்கம் பதினஞ்சாயிரம், மிஞ்சிப்போனா பதினெட்டு. கணக்கு போட்டுப் பாருங்க. வருஷம் ரெண்டரை லட்சம்னு நாலு தடவை வாங்குவீங்க, வட்டி பத்து பர்சன்ட்னு வைங்க, படிக்கிற வரைக்கும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் ட்யூ கட்ட வேண்டாம்பாங்க, ஆனா வட்டி அதுபாட்டுக்கு ஏறிட்டே இருக்கும், கட்ட ஆரம்பிக்கும்போது பத்து லட்சம் பதிமூன்றரையா நிக்கும். பத்து வருஷத்துல அடைக்கணும்னா மாசம் 17,800 ரூபா. சம்பளமே பதினெட்டுன்னா பாப்பா எதை வச்சு ரூம் வாடகை குடுக்கும்? வேலையும் நிரந்தரம் இல்ல, 2025 பிப்ரவரில டெக்னிகலர்னு பெரிய விஎஃப்எக்ஸ் கம்பெனி மூடினப்ப பெங்களூர்ல ஆயிரக்கணக்கான பேரு ராத்திரியோட ராத்திரியா நடுத்தெருவுக்கு வந்தாங்க, அதுல பத்து வருஷ எக்ஸ்பீரியன்ஸ் உள்ளவங்களும் இருந்தாங்க.

கலர்பென்சில்:
ராஜா அண்ணா, நீங்க சொல்றது ரோட்டோ சம்பளம், பி.டெஸ் முடிச்சவங்க எல்லாரும் ரோட்டோவுக்குப் போறதில்ல. நான் தனியார்லதான் படிச்சேன், ஓஎம்ஆர்ல யூஐ டிசைனர், அதான் ஆப், வெப்சைட் திரை எப்படி இருக்கணும்னு வடிவமைக்கிற வேலை, முதல் சம்பளமே முப்பத்திரெண்டாயிரம், இப்ப அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. அந்த முதல் வேலை வந்தது காலேஜ் சீனியர் அக்கா மூலமா, நாலு வருஷம் செஞ்ச வேலையெல்லாம் சேத்து வச்ச போர்ட்ஃபோலியோவைப் பாத்துதான் எடுத்தாங்க, யூட்யூப் பாத்து கத்துக்கிட்டா இந்தப் பழக்கம் எங்கேர்ந்து வரும்? பி.காம் படிச்சிட்டு பன்னெண்டாயிரத்துக்கு பில் போடுற பசங்க எத்தனை பேரு இருக்காங்கன்னு, செந்தில், உங்க சித்தப்பாகிட்டயும் கேளுங்க.

எழும்பூர் பழசு:
தனியாரா பி.காமான்னு ரெண்டே ரெண்டுதான் இருக்கற மாதிரி பேசுறீங்களே. கவர்மென்ட் காலேஜ்ல வருஷத்துக்கு சில ஆயிரம்தான் ஃபீஸ். 1850ல ஹன்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்ச பள்ளிக்கூடம் அது. சினிமா ஆர்ட் டைரக்டர் தோட்டா தரணி, சாபு சிரில், ஓவியர் ட்ராட்ஸ்கி மருது எல்லாம் அங்க படிச்சவங்க. செந்தில், உங்க ஊர் காலண்டர் சாமி படத்துக்கெல்லாம் பேர் வாங்கின கொண்டையராஜுவும் இதே மெட்ராஸ் பள்ளிலதான் படிச்சாரு. தங்கச்சி அரசுப் பள்ளில படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா அவ கணக்குக்கே வரும், கலருக்கும் பேப்பருக்கும் ஆச்சு. நாங்க படிக்கும்போது காலைல சென்ட்ரல் ஸ்டேஷன்ல போய் உக்காந்துருவோம், மூட்டை தூக்குறவர் ஒரு இடத்துல நிக்கவே மாட்டாரு, அவர் முதுகு வளையறதை ரெண்டு நிமிஷத்துல பேப்பர்ல பிடிக்கணும். நூறு தாள் கிழிஞ்சப்புறம்தான் கை பேச ஆரம்பிக்கும். அதுக்கு ஒரு காசு செலவில்ல.

கலர்பென்சில்:
பெரிய பேரா நாலு சொல்றீங்க சார், அவங்ககூட படிச்ச மத்தவங்க என்ன ஆனாங்க? எனக்குத் தெரிஞ்சு அருமையா வரையற ஒருத்தர் அரசுப் பள்ளில பகுதி நேர ஓவிய ஆசிரியர். 2012ல அவங்களை எடுத்தப்ப சம்பளம் ஐயாயிரம், இத்தனை வருஷம் போராடியும் இன்னும் நிரந்தரம் ஆக்கல. சாஃப்ட்வேர் கம்பெனில என்ன கேக்கறாங்கன்னு அங்க யாரு சொல்லித் தர்றாங்க?

எழும்பூர் பழசு:
சாஃப்ட்வேரை ஆறு மாசத்துல கத்துக்கலாம்மா, அதுவும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாறும். மவுன்ட் ரோட்டுல சினிமா பேனர் எழுதினவங்க ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலையில்லாம நின்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அதுல உடம்பு வரையத் தெரிஞ்ச ரெண்டு பேரு செட் வேலைக்குப் போய் பொழச்சிக்கிட்டாங்க. இப்ப ஏஐ வந்து நிக்குது, அதே கதைதான். இன்னொன்னு, 1966ல எங்க காலேஜ் பிரின்சிபாலா இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் சோழமண்டலம்னு ஓவியர் கிராமம் ஆரம்பிச்சப்ப பத்திக் துணி (மெழுகு வச்சு சாயம் ஏத்துறது) செஞ்சு வித்துதான் நிலம் வாங்கினாங்க, சோறு சாப்பிட்டாங்க, மிச்ச நேரம் தங்களுக்குப் பிடிச்சதை வரைஞ்சாங்க. மாசம் பதினேழாயிரம் ட்யூ கழுத்துல தொங்கினா அந்த மாதிரி காத்திருக்க முடியுமா? கடன் இருக்கற பொண்ணு கெடச்ச முதல் வேலைய பிடிச்சுக்கிட்டு அதுலயே கெடப்பா.

வங்கி மாலா:
பேங்க்ல கல்விக்கடன் பாக்குறவ நான், அதனால அதைப் பத்தி மட்டும் சொல்றேன். பொதுவா ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து கேக்க மாட்டோம். பத்துன்னா வீட்டுப் பத்திரம் வைக்கணும், தம்பி அதை அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா? வட்டிக்கு வரிச்சலுகை உண்டுன்னு காலேஜ்ல ஆசை காட்டுவாங்க, பதினெட்டாயிரம் சம்பளத்துக்கு வரியே கிடையாது, அப்புறம் சலுகை எதுல கழியும்? லோன் எடுத்தே ஆகணும்னா படிக்கும்போதே மாசாமாசம் வட்டிய கட்டிருங்க, அப்ப ட்யூ பதிமூவாயிரத்துச் சொச்சத்துல நிக்கும். ப்ளேஸ்மென்ட்னு அவங்க காட்டுற பெரிய சம்பளம் ஒருத்தரோ ரெண்டு பேரோ வாங்கினது, போன வருஷம் முடிச்சவங்க பத்து பேர் நம்பர் வாங்கி நீங்களே பேசுங்க. நம்பர் குடுக்க மாட்டேன்னு சொன்னா அதுலயே தெரிஞ்சிரும்.

கலர்பென்சில்:
மாலா அக்கா சொல்றதை ஒத்துக்கறேன், பத்திரம் வச்சுப் படிக்க வேண்டாம். ஆனா நல்ல காலேஜுக்குக் காசு போடுறது வீண்னு மட்டும் சொல்லாதீங்க. தரமணில இருக்கற மத்திய அரசு ஃபேஷன் காலேஜ் நிஃப்டுலயும் நாலு வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல ஆகுது, அங்க சேர எத்தனை பேரு முட்டி மோதுறாங்க. சின்ன ஊர்ல இருந்து வந்த எனக்கு ஒரு மீட்டிங்ல எழுந்து என் டிசைன் ஏன் இப்படி இருக்குன்னு பேசற தைரியம் அந்த நாலு வருஷத்துல வந்துச்சு, அதை எந்த ட்யூ கணக்குல சேப்பீங்க?

ரோட்டோ ராஜா:
தைரியம் கடனில்லாம வந்தா இன்னும் நல்லதுதானேம்மா. ஒரு வருஷம் போனாலும் பரவால்ல, நிஃப்ட், என்ஐடி (நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்), யூசீட் (ஐஐடி டிசைன் படிப்புக்கு) நுழைவுத் தேர்வு எல்லாம் அடுத்த வருஷம் எழுதட்டும்.

சிவகாசி செந்தில்:
எல்லாத்தையும் தங்கச்சியும் உக்காந்து படிச்சா. பத்திரம் விஷயம் அப்பாவுக்கு இப்பதான் தெரியும், முகமே மாறிருச்சு. எழும்பூர் டெஸ்ட்டுக்கு நல்லா தயார் பண்றேங்கறா, ஆனா கெடைக்கலன்னா என்ன பண்றதுன்னு அழுறா. தனியார்ல திங்கக்கிழமைக்குள்ள ஐம்பதாயிரம் கட்டச் சொல்றாங்க, கட்டி வைக்கவா?

வங்கி மாலா:
சீட்டை விட்டா எவ்வளவு திரும்ப வரும், எந்தத் தேதி வரைக்கும்னு எழுத்துல வாங்கிட்டுக் கட்டுங்க தம்பி. வாய் வார்த்தைய நம்பி கட்டாதீங்க.

எழும்பூர் பழசு:
பாப்பாவை இன்னிலேர்ந்தே தினம் பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் உக்காந்து ஆளுங்களை வரையச் சொல்லுங்க. வீட்டுல சொம்பு, துணி, எலுமிச்சம்பழம் வச்சு வெளிச்சம் ஒரு பக்கத்துலேர்ந்து விழற மாதிரி வைங்க, நிழலைக் கவனிச்சுப் பழகட்டும். வரைஞ்சதை இங்க போடுங்க, நான் பாத்துச் சொல்றேன்.