மறு: மறு: ‘பிஞ்ச் டிரிங்கிங்’ – தமிழில் என்ன?

நண்பர்களே, குடிப்பழக்கத்தை அளக்கும், உலக நலவாழ்வு அமைப்பின் ‘ஆடிட்’ வினாப்படிவத்தைக் களப்பணியாளர்களுக்காகத் தமிழாக்குகிறோம். மொத்தம் 10 கேள்வி. மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன்: ஒரே அமர்வில் ஆறு டிரிங்க்ஸ், அதாவது சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால், அல்லது அதற்கு மேல் குடிப்பது. இதைத்தான் ஆங்கிலத்தில் ‘பிஞ்ச் டிரிங்கிங்’ (binge drinking) என்கிறார்கள். அறிக்கைக்கு ஒற்றைச் சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பெருங்குடி’ போடலாமா?
– செ.

பெருங்குடியில் ரயில் நிலையமே இருக்கிறதம்மா! நற்குலம் என்ற பொருளும் உண்டு. நம்மிடம் மிடாக்குடி இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? மிடா என்றால் பெரிய பானை. ‘மொடாக்குடியன்’ என்று ஊரே சொல்கிறது.
– நா.

ஐயா, மொடாக்குடியன் தினமும் குடிப்பவன். சம்பள நாளில் மட்டும் குடிப்பவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. தவிர, அது வசவு. திண்ணையில் உட்கார்ந்து, “அண்ணே, மிடாக்குடி மாசத்துக்கு எத்தனை தடவை?” என்று கேட்டுப் பாருங்கள். ‘மூக்கு முட்டக் குடிச்சான்’ என்கிறோமே, அதிலிருந்து ‘முட்டக்குடி’.
– வே.

முட்டக்குடி என்றதும் டாஸ்மாக் வாசல் ஆம்லெட் வண்டிதான் கண்ணில் தெரிகிறது. கள்ளிலிருந்து களி, களியிலிருந்து களிப்பு. குறளில் ‘களித்தானை’ என்றால் குடித்து மயங்கியவனை. ஆகவே ‘மிகுகளி’.
– நா.

கேப்பைக்களியா, திருவாதிரைக்களியா?
– வே.

சிரிக்க வேண்டாம். ஔவை அதியமானைப் பாடும்போதே சிறியகள், பெரியகள் என்று பிரிக்கிறாள். கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து உண்பான். ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே அளவு பார்த்த மொழி இது.
– நா.

அளவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று முன்னோட்டத்தில் ஒரு கொத்தனார், “குவார்ட்டர்தாம்மா, அதுக்கு மேல தொடமாட்டேன். காசில்லேன்னா கட்டிங்” என்றார். முகத்தில் பெருமை. கணக்குப் போட்டேன். குவார்ட்டர் என்றால் 180 மி.லி., ஆல்கஹால் செறிவு 42.8 விழுக்காடு, ஆல்கஹாலின் அடர்த்தி 0.789: ஏறத்தாழ 61 கிராம்! 60 கிராம் எல்லையைத் தாண்டிவிட்டார். மிகை, மிடா, முட்ட என்று எதைப் போட்டுக் கேட்டாலும் ‘நமக்கில்லை’ என்றுதான் சொல்வார்.
– செ.

அப்ப கேள்வியிலயே ‘குவார்ட்டர்’ எண்டு போடுங்கோ அக்கா. எங்கட பக்கம் ‘கால் போத்தல்’. ஆனா எங்கட சாராயத்தின்ர செறிவு வேற, அந்தக் கணக்கு இங்க செல்லாது.
– இ.

குவார்ட்டர் தமிழா? போத்தல் தமிழா?
– நா.

கிராம் தமிழா, ஐயா?
– வே.

வியாழன் இரவு மணி பதினொன்று. கேள்வியில் ‘ஒரே நேரத்தில் ஒரு குவார்ட்டர் அல்லது அதற்கு மேல்’. பீர் குடிப்பவர்களுக்குத் தனிப் பட அட்டை. அறிக்கையில் ‘முட்டக்குடி’, முதல் பக்கத்திலேயே விளக்கம் கொடுத்துவிடுகிறேன். மூவர் சரியென்றீர்கள், ஐவர் பதிலே போடவில்லை.
– செ.

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். மிடாவைவிட மூக்கு எந்த வகையில் உயர்ந்தது?
– நா.