ஸ்பிரிங் எவ்வளவு நீளும்? ஆய்வக மேசையிலும் தொட்டிலிலும் கண்டவை (நால்வர் புனைபெயர்களில் செய்த அனுபவப் பகிர்வு)

ஆய்வகமேசை:
சுருள்வில் (ஸ்பிரிங்) மாறிலி, அதாவது ஒரு மீட்டர் நீட்சிக்கு எத்தனை நியூட்டன் விசை என்று காணும் பிராக்டிகலில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல் இது. 50, 100, 150, 200 கிராம் தொங்கவிட்டால் நீட்சி 7, 26, 46, 65 மி.மீ. மாணவர்கள் ஒவ்வொரு வரிக்கும் விசையை நீட்சியால் வகுக்கிறார்கள். விடை மீட்டருக்கு 70, 38, 32, 30 நியூட்டன் என்று இறங்கிக்கொண்டே போகிறது. உடனே ஸ்பிரிங் கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

அது நல்ல ஸ்பிரிங்தான். நெருக்கிச் சுற்றிய இழுவை ஸ்பிரிங்கில் சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டே இருக்கும். அந்தத் தொடக்க இழுவிசையைத் தாண்டிய பிறகுதான் இடைவெளி திறக்கும். மேலே உள்ள அளவுகளில் முதல் 30 கிராம் சொச்சம் அதற்கே போய்விடுகிறது. அதன்பின் ஒவ்வொரு 50 கிராமுக்கும் 19 அல்லது 20 மி.மீ. ஒழுங்காக நீள்கிறது. வரைபடம் போட்டுச் சாய்வை எடுங்கள்: 150 கிராமுக்கு 58 மி.மீ., அதாவது மீட்டருக்கு 25.4 நியூட்டன். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போக வேண்டும் என்று ஸ்கேலை வளைத்துப் பிடிக்காதீர்கள்.

எடையைக் குறைத்துக்கொண்டே வரும்போதும் அளவெடுப்பது கட்டாயம். குறிமுள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் ஒரு மி.மீ. கீழே நின்றால் மீட்சி எல்லையைத் தாண்டியாயிற்று என்று அர்த்தம்.

கம்பிச்சுருள்:
அந்த 25.4 சரியா என்று கணக்கிலேயே பார்த்துவிடலாம். கம்பி விட்டம் 0.6 மி.மீ., சுருளின் சராசரி விட்டம் 10 மி.மீ., 50 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் எஃகின் விறைப்புக் குணகம் (முறுக்கலை எதிர்க்கும் அளவு) சுமார் 79 கிகா பாஸ்கல். அதைக் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கால் பெருக்கி, சுருள் விட்டத்தின் மும்மடி, சுற்று எண்ணிக்கை, 8 ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுத்தால் மீட்டருக்கு 25.6 நியூட்டன் வரும்.

இங்கே யங் குணகத்தை (கம்பி நீள்வதை எதிர்க்கும் அளவு) போட்டுவிட்டால் விடை எங்கேயோ போய்விடும். ஸ்பிரிங் நீளும்போது கம்பி நீள்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. அதனால்தான் விறைப்புக் குணகம். சுருள் விட்டத்தை வெளிப்புறத்தில் வெர்னியரால் அளந்தால் 10.6 வரும். அதில் ஒரு கம்பி விட்டத்தைக் கழிக்க மறக்கக் கூடாது.

நான்காம் அடுக்கு பொல்லாதது. 0.6 கம்பிக்குப் பதில் 0.7 போட்டால் மாறிலி 1.85 மடங்கு ஆகிவிடும். கம்பியைத் திருகு அளவியால் மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும், பிளாஸ்டிக் ஸ்கேல் உதவாது. துருப்பிடிக்காத எஃகு என்றால் குணகம் 69 அளவில்தான் இருக்கும், அதே அளவுள்ள ஸ்பிரிங் இன்னும் இளகலாக நீளும். ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் மாறிலி இரண்டு மடங்காகும். 'சின்னதானால் லேசாக இழுக்கும்' என்று நினைத்து வெட்டுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

வில்தராசு:
எடையை மேலும் கீழும் ஆடவிட்டு நேரம் பார்க்கும் அலைவு முறையில் செய்பவர்களுக்கு: 100 கிராமுக்கும் 200 கிராமுக்கும் தனித்தனியே 20 அலைவு எண்ணுங்கள். இதே ஸ்பிரிங்குக்கு 7.9, 11.1 வினாடி வரும். ஓர் அலைவுக்கான நேரம் இரண்டையும் வர்க்கமாக்கி, அந்த வித்தியாசத்தால் 4π² × 0.1 கிலோவை (இரண்டு எடைகளின் வித்தியாசம்) வகுத்தால் மாறிலி 26க்கு அருகில் நிற்கும். ஸ்பிரிங்கின் சொந்த நிறையில் மூன்றில் ஒரு பங்கு இரண்டு அளவிலும் சேர்ந்திருப்பதால் கழிந்துபோகும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இழுத்துவிட வேண்டாம். 100 கிராமில் நீட்சியே 26 மி.மீ.தான், அதிகம் இழுத்தால் மேலே ஏறும்போது சுற்றுகள் மோதி 'டிக் டிக்' என்று சத்தம் வரும். அந்த அளவைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பட்டறைமேடை:
தொட்டில் ஸ்பிரிங் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் தொங்குவது குழந்தை. பெரும்பாலும் அறுவது சுருளின் நடுவில் இல்லை. கடைசிச் சுற்றிலிருந்து கொக்கி எழும்பும் வளைவில்தான் அறும். அங்கே முறுக்கோடு வளைவு விசையும் சேர்கிறது. வளைவு கூர்மையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

மீட்டருக்கு 500 நியூட்டன் மாறிலி உள்ள ஸ்பிரிங்கை 10 செ.மீ. கூடுதலாக இழுத்து ஆட்டினால், அடியில் 50 நியூட்டன், அதாவது ஐந்து கிலோ எடை கூடுதலாக ஏறுகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏறி இறங்கும் இந்தச் சுமையில் கம்பி சோர்ந்து விரிசல் விடும்.

மாதம் ஒருமுறை தொட்டிலைக் கழற்றி, ஸ்பிரிங்கை வெறுமனே தொங்கவிட்டுப் பாருங்கள். வாங்கும்போது ஒட்டியிருந்த சுற்றுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் மாற்றுங்கள். உத்தரத்துக் கொக்கியில் உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளமோ துருக்குழியோ தட்டுப்பட்டாலும் மாற்றத்தான் வேண்டும். திறந்துபோன கொக்கியை கேஸ் அடுப்பில் காய்ச்சி வளைக்கவே கூடாது, காய்ச்சிய இடத்தில் எஃகின் பதம் போய்விடும்.

கம்பிச்சுருள்:
சரியாகச் சொன்னீர்கள். துருவுக்குப் பயந்து பழைய ஸ்பிரிங்கை முலாம் பூசக் கொடுப்பவர்களுக்கு ஒன்று: அமிலக் குளியலிலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கும். பூசிய உடனே 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடேற்றி அதை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யாத கடையில் தொட்டில் ஸ்பிரிங்கைக் கொடுக்காதீர்கள்.

ஆய்வகமேசை:
ஸ்பிரிங் அறுந்தால் தொட்டிலைத் தாங்க அதனோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புக் கயிறு எவ்வளவு நீளம் விட வேண்டும்?

பட்டறைமேடை:
குழந்தையின் எடைக்குச் சமமான அரிசிப் பையைத் தொட்டிலில் வைத்து, வழக்கமாக ஆட்டும் அளவுக்குக் கீழே இழுத்துப் பிடியுங்கள். அப்போது கயிறு இன்னும் இரண்டு விரல் தளர்வாக இருந்தால் போதும். கயிற்றின் மேல்முனையை ஸ்பிரிங் கொக்கியில் கட்டாமல் உத்தர வளையத்திலேயே கட்டுங்கள், கீழ்முனையைத் தொட்டில் வளையத்தில். ஸ்பிரிங் எந்த முனையில் அறுந்தாலும் தொட்டில் கயிற்றில் நிற்கும்.