‘குரற்பயிற்சி’ வேண்டாம், ‘குரல் பழக்கல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

என் ‘குரல் பழக்கல்’ என்ற சொல்லுக்கு ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> பேச்சறி மென்பொருளுக்கு (நாம் பேசுவதை எழுத்தாக்கும் மென்பொருளுக்கு) நம் குரலைக் கற்றுக்கொடுக்கும் வேலையைக் ‘குரற்பயிற்சி’ என்றே சொல்லலாமே? எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். குரற்பயிற்சி என்றதும் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்யும் பாடகர்தான் என் நினைவுக்கு வருகிறார். அங்கே பக்குவப்பட வேண்டியது குரல். இங்கே பக்குவப்பட வேண்டியது மென்பொருள்.

பல வருடங்களுக்கு முன்பு மணிக்கட்டு வலியால், தட்டச்சிடாமல் பேசியே எழுத ஓர் ஆங்கிலப் பேச்சறி மென்பொருளை வாங்கினேன். திரையில் வரும் பத்தியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட சொற்கள் மங்கிக்கொண்டே போகும். ‘வெஜிடபிள்’ என்ற இடத்தில் நின்றுவிட்டது. நம் ஊர் வழக்கப்படி நான்கு அசையாகச் சொன்னேன், அசையவில்லை. உரக்கச் சொன்னேன், நிறுத்திச் சொன்னேன். கடைசியில் ‘வெஜ்டபிள்’ என்று விழுங்கிச் சொன்னதும் நகர்ந்தது. அன்று பயிற்சி பெற்றது நான்தான்! அந்த அளவில் ‘குரற்பயிற்சி’ பொருத்தமான சொல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அந்த மென்பொருளின் குறை. குறைக்குப் பெயர்சூட்ட வேண்டுமா?

நடக்க வேண்டியது என்ன? எந்தச் சொல் வரப்போகிறது என்பது கணினிக்கு முன்பே தெரியும். அதை நாம் எப்படி ஒலிக்கிறோம் என்று கேட்டு, தன்னிடமுள்ள பொதுவான ஒலி மாதிரிகளை நம் பக்கம் நகர்த்திக்கொள்கிறது. 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் செய்த ‘ஆட்ரி’ என்ற பேச்சறி கருவி எண்களை மட்டுமே அறியும். அதையும் ஆளுக்கேற்பச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 1997இல் வந்த டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங் என்ற பேச்சறி மென்பொருள் பத்தி படிக்கச் சொன்னது. 2006இல் வந்த 9ஆம் பதிப்பில் அந்தக் கட்டாயம் போயிற்று.

அப்படியானால் சொல்லே எதற்கு என்று கேட்பீர்கள். 2021இல் கூகுள் ஆங்கிலத்தில் சோதனைக்கு விட்ட ‘ரிலேட்’ செயலியைப் பாருங்கள். பக்கவாதம் போன்றவற்றால் பேச்சு குழறுபவர்கள் 500 சொற்றொடர்களைப் பதிவுசெய்து தந்தால், அது அவரவர் பேச்சுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நாளை தமிழில் இப்படி ஒன்று வந்து, அதன் முதல் திரையில் ‘குரற்பயிற்சி’ என்று இருந்தால்? வருடக்கணக்காகப் பேச்சுப் பயிற்சிக்குப் போய் அலுத்தவரிடம் ‘நீதான் இன்னும் திருந்த வேண்டும்’ என்று சொன்னதாகிவிடும்.

‘பழக்கு’ என்ற வினை இந்தக் குழப்பத்துக்கு இடம்தருவதில்லை. பழகு தன்வினை, பழக்கு பிறவினை. பழக்குபவர் ஒருவர், பழகுவது இன்னொன்று. இந்தச் சொல்லில் மாட்டுக்கொட்டகை வாடை அடிக்கிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அடிக்கட்டுமே! புது மாட்டை ஏரில் பழக்கும்போது மாடுதான் கற்றுக்கொள்கிறது என்பதில் யாருக்கும் ஐயம் வராது.

இன்னொரு வசதியும் உண்டு. நாம் உட்கார்ந்து பத்தி படிப்பது ‘குரல் பழக்கல்’. அன்றாடம் நாம் திருத்தத் திருத்த மென்பொருள் தானாகப் பிடித்துக்கொள்வது ‘குரல் பழகல்’. இரண்டுக்கும் ஒரே வேர். இதற்கென்று ‘தகவமைவு’ என்று உயிரியலிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை.

இந்தச் சொல்லிணையில் ஓட்டை இருப்பதும் தெரியும். இம்மடலைக் குரல்வழித் தட்டச்சில்தான் எழுதத் தொடங்கினேன். ‘பழக்கல்’ முதலில் ‘பழங்கள்’ ஆயிற்று, பிறகு ‘பழக்கள்’. ‘பழகல்’ இரண்டு முறையும் ‘பகல்’ என்றே விழுந்தது. ழகரம் என் நாக்கில் அவ்வளவு மோசமில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். ஒற்றை மெய்யால் மட்டுமே வேறுபடும் இரண்டு சொற்களைக் கண்ணாலும் அவசரத்தில் மாற்றிப் படித்துவிடலாம். பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் தொல்லைதான்.

ஆகவே பொத்தானில் ‘குரலுக்குப் பழக்கு’ என்று ஏவலாகவே வைக்கலாம் என்பது என் எண்ணம். தலைப்பில் ‘குரல் பழக்கல்’ என்று பிரித்து எழுதுவதா, ‘குரற்பழக்கல்’ என்று புணர்த்துவதா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். புணர்த்தினால் சின்னத் திரையில் சட்டென்று படிக்க முடிவதில்லை. என் கைப்பேசியில் போட்டுப் பார்த்துவிட்டேன்.