விழும் பொருள் கருந்துளையின் விளிம்பிலேயே உறைந்து நின்றுவிடுமா?

கேள்வி:
கருந்துளையில் விழும் பொருள், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு நிகழ்வெல்லையை (ஒளிகூட வெளியேற முடியாதபடி கருந்துளையைச் சூழ்ந்துள்ள எல்லையை) நெருங்க நெருங்க வேகம் குறைந்து, அதைக் கடப்பதாகவே தெரியாது என்று படித்தேன். அப்படியானால் பால்வழியின் நடுவிலுள்ள கருந்துளை ஏறத்தாழ 43 லட்சம் சூரிய நிறையை எப்படிச் சேர்த்தது? விழுந்தவை எல்லாம் இன்னும் விளிம்பில்தான் இருக்கின்றனவா?

பதில் 1:
இல்லை. நீங்கள் படித்தது நம்மை வந்தடையும் ஒளியைப் பற்றியதே தவிர, விழும் பொருளுக்கு நேர்வதைப் பற்றியது அன்று. எல்லைக்கு அருகே கிளம்பும் ஒளி வெளியேற மேலும் மேலும் காலம் பிடிக்கிறது. அதன் அலைநீளமும் நீண்டு, முதலில் அகச்சிவப்பாகவும் பிறகு ரேடியோ அலையாகவும் மாறுகிறது. உறைந்த பிம்பம் ஒன்று அங்கே நிலையாகத் தெரியும் என்று பலர் எழுதுவது தவறான எண்ணத்தைத் தருகிறது. பத்துச் சூரிய நிறையுள்ள கருந்துளையின் எல்லை ஆரம் சுமார் 30 கி.மீ. மட்டுமே என்பதால், அந்தப் பிம்பம் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் மங்கி, கடைசி ஃபோட்டானும் (ஒளித்துகளும்) வந்து சேர்ந்தபின் முற்றிலும் மறைந்துவிடும்.

விழும் பொருளின் சொந்தக் கடிகாரமோ நிற்பதே இல்லை. பால்வழி மையக் கருந்துளையின் எல்லையைக் கடந்துவிட்ட எதற்கும், அது எப்படி முயன்றாலும், அதன் நடுவே எல்லாம் நசுங்கி முடியும் ஒருமைப்புள்ளியை அடைய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் மிஞ்சும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஆனாலும் வெளியே இருக்கும் நமக்கு, கருந்துளையின் நிறை எப்போது கூடியதாகக் கொள்வது?

பதில் 2:
பொருள் எல்லையைக் கடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கோள வடிவிலான ஓடு போல எல்லாப் பக்கமும் சூழ்ந்து விழும் வாயுவை எண்ணிப் பாருங்கள். அது உங்களைத் தாண்டி உள்ளே சென்ற கணம் முதலே, கருந்துளையின் நிறையும் வாயுவின் நிறையும் சேர்ந்த ஈர்ப்பைத்தான் நீங்கள் உணர்வீர்கள். நிகழ்வெல்லையும் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதில்லை. வாயு வந்து சேர்வதற்கு முன்பே அது விரிந்து வெளிநோக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் பதிவுசெய்த ஈர்ப்பலையில் (வெளியிலும் காலத்திலும் பரவும் அதிர்வில்), ஏறத்தாழ 36, 29 சூரிய நிறை கொண்ட இரு கருந்துளைகள் இணைந்து, சுமார் 62 சூரிய நிறையுள்ள ஒன்றாகி, நொடிப்பொழுதில் அதிர்வு அடங்கியது தெரிந்தது. இணைவு முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

பதில் 3:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். விழும் நிறை முழுவதும் கருந்துளையின் கணக்கில் சேர்வதில்லை. வாயு பெரும்பாலும் நேராக விழாமல், சுழலும் வட்டாகச் சேர்ந்து, உராய்ந்து கொதித்து, எக்ஸ் கதிர்களாக ஆற்றலை வெளியே வீசிவிடுகிறது. சுழலாத கருந்துளையைச் சுற்றிய வட்டில் இந்த இழப்பு நிறையில் சுமார் 6 விழுக்காடு. மிக வேகமாகச் சுழலும் கருந்துளைக்குக் கோட்பாட்டின் உச்ச வரம்பு சுமார் 42 விழுக்காடு. சூரியனின் உள்ளே ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது ஆற்றலாவது வெறும் 0.7 விழுக்காடுதான்.