செய்ய நினைத்தது ஒன்று, கண்ணில் பட்டது வேறு

இலைப்பதிவு:
சயனோடைப், அதாவது கரைசல் பூசிய தாளை வெயிலில் காட்டி நீலநிறப் படம் பதிக்கும் முறை, தெரிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் கரைசல், வெயில், கழுவல் எதையும் விளக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஜன்னலோரம் மாட்டியிருந்த பெரணி இலைப் பதிவு நாளடைவில் வெளிறி, இலை எது, பின்புலம் எது என்று பிரித்தறிய முடியாத நிலைக்கு வந்துவிட்டதால், எறிய மனமின்றி அதைக் கழற்றி அலமாரியின் அடித்தட்டில் போட்டுவைத்தேன். பிறகு வேறெதையோ தேடி அந்தத் தட்டை இழுத்தபோது, வெள்ளை இலையைச் சுற்றிப் பழைய நீலம் முழுவதுமாகத் திரும்பியிருந்தது. இலையின் விளிம்பிலுள்ள பற்கள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த முறை இது. இருட்டில் வைத்தால் படம் தானாகவே மீளும் என்பதை எனக்கு யாரும் சொன்னதில்லை. இத்தனை நாளும் அந்த நீலம் எங்கே இருந்தது என்ற கேள்விதான் இன்னும் என்னை விடவில்லை.

வண்ணநூல்:
என்னுடையது பூவேலை. மஞ்சள் துணியில் ஒரு பூவும் நீலத் துணியில் ஒரு பூவும் ஒரே சாம்பல் நூற்கண்டிலிருந்து தைத்தேன். முதற்பூ ஊதா சாயலுடனும் இரண்டாவது மஞ்சள் படிந்ததாகவும் தெரிந்தன. பார்த்தவர்கள் அனைவரும் இரண்டு நூல்கள் என்றே சாதித்தார்கள். பின்பக்கம் மிஞ்சிய நுனிகளைக் கத்தரித்து வெள்ளைத் தாளில் அருகருகே வைத்ததும் பேச்சு நின்றது. ஆனால் துணியைத் திருப்பிய மறுகணமே என் கண் மறுபடியும் இரண்டு நிறங்களைத்தான் காட்டியது. பாரிசின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்த வேதியியலாளர் செவ்ரல், குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறங்களின் விளைவு அது என்று கண்டு 1839இல் நூலாகவே எழுதிவிட்டார். உண்மை தெரிந்த பிறகும் கண் கேட்க மறுக்கிறதே, அதுதான் எனக்கு வேடிக்கை.

மாற்றுக்கருத்து:
இலைப்பதிவு அவர்களே, இருட்டு எதையும் மீட்பதில்லை. ஒளி பட்டு நிறமற்ற வடிவுக்கு மாறிய பிரஷ்யன் நீலத்தை, அதாவது இந்தப் படங்களின் நீல நிறமியை, காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் திரும்ப நீலமாக்குகிறது. இருட்டு மேலும் வெளிறாமல் தடுக்கிறது, அவ்வளவே. வெளிறிய இரண்டு படங்களில் ஒன்றைக் காற்றுப் புகாத உறையிலும் மற்றதைத் திறந்தும் ஒரே பெட்டியில் வைத்தேன், திறந்திருந்தது முந்திக்கொண்டது.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். படச் சட்டத்தின் பின் அட்டையை வாங்கும்போது கவனியுங்கள். அமிலத்தைத் தடுக்கச் சிலவற்றில் கால்சியம் கார்பனேட் என்ற காரப்பொருளைச் சேர்த்திருப்பார்கள். வெள்ளி உப்பால் ஆன கறுப்பு வெள்ளைப் படங்களுக்கான அறிவுரையைப் படித்துவிட்டு அதையே இதற்கும் பொருத்துகிறவர்கள் உண்டு, ஆனால் இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. காரம் தின்ற நீலம் எந்த அலமாரியிலும் மீளாது. அதை வேண்டுமென்றே செய்பவர்களும் இருக்கிறார்கள்: சலவைச் சோடா கரைத்த நீரில் நீலத்தை வெளுக்கவிட்டு, நன்றாகக் கழுவி, கடுந்தேநீரில் ஊறவைத்தால், அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் படத்திலுள்ள இரும்போடு சேர்ந்து படத்தைக் கரும்பழுப்பாக்கும். முதலில் உதவாத படமொன்றில் முயலுங்கள், சோடாவை மிகக் குறைவாகப் போடுங்கள், தேநீரில் பால் வேண்டாம்.

காகித நாடா:
தேநீர் ஆறட்டும், என்னுடையதையும் கேளுங்கள். தொங்கும் அலங்காரத்துக்காகக் காகித நாடாவில் அரைத் திருகு கொடுத்து ஒட்டி, இரண்டு மெல்லிய வளையங்கள் வேண்டும் என்று நடுக்கோட்டில் வெட்டினேன். கிடைத்தது ஒரே வளையம், இருமடங்கு நீளத்தில். கணித அறிஞர்கள் மோபியசும் லிஸ்டிங்கும் 1858இல் தனித்தனியே கண்ட பட்டை என்பதால் இது உங்களுக்குப் புதிதல்ல. விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வெட்டினால் நீளமானதும் குட்டையானதுமாக இரண்டு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி வருவதும் தெரிந்திருக்கும். என்னைத் தூங்கவிடாதது அடுத்தது: மூன்று அரைத் திருகுகள் கொடுத்து நடுவே வெட்டியபோது, வளையம் தானே முடிச்சிட்டுக்கொண்டு கையில் விழுந்தது. எந்த முனையையும் எதற்குள்ளும் நான் நுழைக்கவில்லை. நுழைக்க முனையே இல்லை. அவிழ்க்க வேண்டுமென்றால் வெட்டத்தான் வேண்டும். எனக்கு மனம் வரவில்லை.