பேர்ட்ஸை விட்ட பின் ஜீன் கிளார்க்: எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: பேர்ட்ஸ் (அமெரிக்க ராக் இசைக்குழு) காலத்துப் பாட்டெல்லாம் அத்துப்படி. 1966-இல் விலகிய பிறகு அந்தக் குழுவின் பாடகர் ஜீன் கிளார்க் தனியாகப் போட்ட ஆல்பங்களில் எதை முதலில் கேட்பது? பழைய எல்பி (வினைல் இசைத்தட்டு) வாங்கினால் எதைக் கவனிக்கணும்?

பதில் 1: 'ஒயிட் லைட்', 1971. தயாரிப்பு ஜெஸ்ஸி எட் டேவிஸ். கிட்டார், ஹார்மோனிகா, குரல், அவ்வளவுதான் முன்னால் நிற்கும். முன் அட்டையில் ஆல்பத்தின் பெயரே கிடையாது, அதனால் பல பட்டியல்களில் வெறும் 'ஜீன் கிளார்க்' என்றுதான் இருக்கும். அப்படியும் தேடிப் பாருங்க.

பதில் 2: எனக்கு 'நோ அதர்' (1974) தான் உச்சம். எட்டே பாட்டு. செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது; அசைலம் நிறுவனம் சரியாக விளம்பரம் செய்யாமல் விட்டது. கோரஸ், கீபோர்டு, பெர்கஷன் என்று அடுக்கடுக்காக ஏற்றியிருப்பதால் போன் ஸ்பீக்கரில் சேறாகக் கேட்கும். ஹெட்போனில் 'ஸ்ட்ரென்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்' போட்டுப் பாருங்க, ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும். 2019-இல் 4ஏடி என்ற இசை நிறுவனம் மறுவெளியீடு செய்தது. அசல் பிரதிக்கு அலைய வேண்டாம்.

பதில் 3: எல்பி வாங்குவோருக்கு ஒன்று. 1967-இல் காஸ்டின் சகோதரர்கள் என்ற பாட்டு ஜோடியோடு வந்த முதல் ஆல்பத்தை 1972-இல் 'ஏர்லி எல்.ஏ. செஷன்ஸ்' என்று ரீமிக்ஸ் செய்து விட்டார்கள். அசல் ஒலி அதில் இல்லை. 'ரோட்மாஸ்டர்' (1973) முதலில் நெதர்லாந்தில் மட்டுமே வந்தது. அதிலுள்ள 'ஒன் இன் எ ஹண்ட்ரட்' பழைய பேர்ட்ஸ் கூட்டத்தோடு பதிவானது. 'ஒயிட் லைட்'டில் இருப்பது வேறு பதிவு. ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க.